நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலை அளக்கும் பரிசோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்களின் கண் நேராகச் சதவீதம் இருக்கும் பத்திக்குத்தான் போகும். 54% என்று இருந்தால், நுரையீரலில் பாதி போய்விட்டது என்று வீடே கலங்கிவிடுகிறது. 82% என்று இருந்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு முடிவுமே தவறாக இருக்கலாம். இந்த எண்களைப் படிக்க ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையை விட்டுவிட்டு எந்த எண்ணையும் தனியாக எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைபடும் நோய்), ஆஸ்துமா, நுரையீரல் நார்த்திசு நோய் (நுரையீரலில் தழும்பு விழும் நோய்), காசநோய்க்குப் பிந்தைய பாதிப்பு என்று நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும், இந்தத் துறையில் புதிதாகக் காலெடுத்து வைக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. ஆனால் அவர் என்ன பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்று தெரிந்தால், சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதலில் எழுத்துகள்

ரிப்போர்ட்டில் நிறையச் சுருக்கங்கள் இருக்கும். ஆறு போதும்.

எஃப்விசி என்பது நெஞ்சு நிறைய இழுத்து, முழு வேகத்தில், கடைசித் துளி வரை ஊதித் தள்ளும் மொத்தக் காற்று. எஃப்இவி1 என்பது அந்தக் காற்றில் முதல் ஒரு விநாடிக்குள் வெளியே வந்த பங்கு. எஃப்இவி1ஐ எஃப்விசியால் வகுத்தால் வருவது விகிதம். இந்த மூன்றும் ஸ்பைரோமெட்ரியில் கிடைப்பவை. டிஎல்சி என்பது நுரையீரல் முழுதாக நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் மொத்தக் கொள்ளளவு. ஆர்வி என்பது எவ்வளவு ஊதினாலும் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும் காற்று. டிஎல்சிஓ என்பது காற்றறையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறது என்பதன் அளவு.

'கணிக்கப்பட்ட அளவு' என்ற பத்தி, அதே வயது, அதே உயரம், அதே பாலினம் கொண்ட ஆரோக்கியமானவர்களின் சராசரி. எஃப்இவி1 54% என்றால் அந்தச் சராசரியில் 54% காற்றுதான் முதல் விநாடியில் வெளியே வந்தது என்று பொருள். நுரையீரலில் 46% அழிந்துவிட்டது என்று பொருளல்ல.

படி 1: ஊதியது சரியா?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ரத்தப் பரிசோதனையில் ஊசி குத்தும்போது கையை நீட்டினால் போதும். ஸ்பைரோமெட்ரி அப்படியல்ல, நோயாளி முழு மூச்சோடு ஒத்துழைத்தால்தான் எண்ணே பிறக்கும். மூக்கில் கிளிப் போட்டு, மவுத்பீஸை உதட்டால் இறுக்கிப் பிடித்து, முடிந்தவரை இழுத்து, தயங்காமல் ஒரே வீச்சில் வெடித்தாற்போல ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் 'ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் குரலும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். சோர்வாக ஊதவிட்டு எடுத்த ரிப்போர்ட், ஆரோக்கியமானவரைக்கூட நோயாளியாகக் காட்டிவிடும்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். காற்று வெளிவரும் வேகத்தைக் காட்டும் ஓட்டம்–கொள்ளளவு வளைவு தொடக்கத்திலேயே செங்குத்தாக எழுந்து, கூர்மையான உச்சியைத் தொட்டு, பிறகு சரிய வேண்டும். உச்சி மழுங்கி, குன்றுபோல உருண்டையாக இருந்தால் தொடக்கத்தில் தயங்கியிருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முதல் விநாடிக்குள் வெட்டு விழுந்தாற்போல ஒரு பள்ளம் தெரிந்தால் இருமல் வந்திருக்கிறது. அந்த முயற்சியின் எஃப்இவி1ஐ நம்பக் கூடாது. அடுத்து, கொள்ளளவு–நேரம் வளைவின் வால் பகுதி. கடைசி ஒரு விநாடியில் 25 மி.லி.க்கு மேல் காற்று வராத அளவுக்கு அது படுத்திருக்க வேண்டும், அல்லது 15 விநாடிகள் ஊதியிருக்க வேண்டும்.

இந்த வால் பகுதி ஏன் முக்கியம்? பாதியில் ஊதுவதை நிறுத்தினால் எஃப்விசி குறைவாகப் பதிவாகும். எஃப்இவி1 முதல் விநாடியிலேயே முடிந்துவிட்டதால் அது மாறாது. வகுக்கும் எண்ணான எஃப்விசி குறைந்தால் விகிதம் ஏறும். அதாவது, உண்மையிலேயே அடைப்பு இருப்பவரின் விகிதம் நார்மல்போலத் தெரியும். நோயின் தடயமே அழிந்துவிடுகிறது. கடுமையான சிஓபிடி உள்ளவர்களுக்குக் காற்று மெதுவாக, நீண்ட நேரம் வந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்தத் தவறு அவர்களிடம்தான் எளிதில் நேர்கிறது.

ஒரே ஒருமுறை ஊதியதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஏற்கத்தக்க முயற்சிகள் குறைந்தது மூன்று வேண்டும். பெரியவர்களில் அவற்றின் மிக உயர்ந்த இரண்டு எஃப்இவி1 மதிப்புகளுக்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எஃப்விசிக்கும் அதேதான். பொதுவாக எட்டு முயற்சிகளுக்கு மேல் செய்யவைப்பதில்லை, ஆள் களைத்துவிடுவார். புதிய கருவிகள் எஃப்இவி1க்கும் எஃப்விசிக்கும் தனித்தனியாகத் தரக் குறியீடு போடும். ஏ, பி, சி என்றால் நம்பிப் படிக்கலாம். டி, ஈ என்றால் எச்சரிக்கையோடு. எஃப் என்றால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

படி 2: யாரோடு ஒப்பிட்டார்கள்?

ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் வயது, பாலினம், உயரம் சரியாக இருக்கிறதா பாருங்கள். உயரம் தப்பானால் கணிக்கப்பட்ட அளவு முழுவதுமே தப்பாகும். செருப்பில்லாமல், அன்றே அளந்த உயரமாக இருக்க வேண்டும். வாயால் சொன்னதை எழுதிக்கொண்டதாக இருக்கக் கூடாது. முதுகு கூனியவர்களுக்கு இரு கைகளையும் விரித்து அளந்து உயரத்தைக் கணக்கிடலாம்.

எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள். 2012இல் வெளியான ஜிஎல்ஐ (உலக நுரையீரல் செயல்பாட்டு முயற்சி) சமன்பாடுகள் 3 வயது முதல் 95 வயது வரை பொருந்தும். அவற்றில் இனவாரியாகத் தனித்தனிக் கணக்கு இருந்தது. 2022இல் இனப் பிரிவு இல்லாத உலகப் பொதுச் சமன்பாடு வந்தது. ஒரு ஆய்வகம் பழையதிலிருந்து புதியதற்கு மாறினால், ஊதிய அளவு அதேயாக இருந்தாலும் சதவீதம் மாறும். போன வருடத்தைவிடச் சதவீதம் குறைந்திருக்கிறதே என்று பதறுவதற்கு முன், லிட்டர் கணக்கு குறைந்ததா என்று பாருங்கள்.

படி 3: விகிதம்

இப்போதுதான் நோயைப் பற்றிய முதல் கேள்வி: காற்று வெளியேறும் வழியில் அடைப்பு இருக்கிறதா? விடை விகிதத்தில் இருக்கிறது.

சிஓபிடிக்கான 'கோல்ட்' என்ற சர்வதேச வழிகாட்டியின் எல்லைக்கோடு, மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து கொடுத்தபின் விகிதம் 0.70க்குக் கீழே இருப்பது. நினைவில் வைக்க எளிது. ஆனால் வயது ஏற ஏற இந்த விகிதம் இயல்பாகவே இறங்கும். அதனால் நோயில்லாத முதியவர் சிலருக்கு 0.70க்குக் கீழே காட்டும். இளம் வயதினரில் நிலைமை தலைகீழ். 0.72 என்பது எல்லைக்கு மேலே இருந்தும், அந்த வயதுக்குக் குறைவாக இருக்கலாம்.

இதைச் சரிசெய்யத்தான் 'இயல்பின் கீழ் எல்லை' என்ற பத்தி இருக்கிறது. சில ரிப்போர்ட்களில் எல்எல்என் என்று போட்டிருக்கும். ஆரோக்கியமானவர்கள் நூறு பேரை வரிசைப்படுத்தினால், கடைசி ஐந்து பேருக்குச் சற்று மேலே வரும் கோடு அது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் இசட் ஸ்கோர் கணக்கில் மைனஸ் 1.645. 2022இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டி இந்த முறையைத்தான் முன்வைக்கிறது. இரண்டில் இதுவே நேர்மையான அளவுகோல் என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருப்பவர் எல்லோரும் நோயாளி அல்ல. அந்த ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. இருமல், மூச்சிரைப்பு, புகைப் பழக்கம், தூசி வேலை இவற்றோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

விகிதம் குறைவு என்றால் அடைப்பு வகை. வளைவிலும் அது தெரியும். உச்சியிலிருந்து இறங்கும் கோடு நேராக இல்லாமல் உள்பக்கமாகக் குழிந்திருக்கும்.

விகிதம் நார்மல், எஃப்விசி குறைவு என்றால் நுரையீரல் சுருங்கிய வகையாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பைரோமெட்ரியால் சுருக்கத்தை உறுதிசெய்ய முடியாது. எஃப்விசி நார்மலாக இருந்தால் சுருக்கம் பெரும்பாலும் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். குறைவாக இருந்தால் டிஎல்சி அளக்க வேண்டும். விகிதம் நார்மலாக இருந்தும் எஃப்இவி1 80%க்குக் கீழே இருப்பவர்களை ப்ரிஸ்ம் என்ற பெயரில் தனியாகக் குறிக்கிறார்கள். புகைப்பவர்களிடம் இது அடிக்கடி தென்படும். சிலர் பிறகு சிஓபிடிக்குள் போகிறார்கள். அதனால் அவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வளைவை மூடுவதற்கு முன் இன்னொன்று. ஊதும் பகுதியும் இழுக்கும் பகுதியும் இரண்டும் தட்டையாகி, பெட்டிபோல இருந்தால் பெரிய மூச்சுக்குழாயிலேயே நிலையான குறுகல் இருக்கலாம். பல வருடம் ஆஸ்துமா மருந்து எடுத்தும் பலனில்லாதவர்களிடம் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

படி 4: எவ்வளவு கடுமை?

இங்கேதான் எஃப்இவி1 சதவீதத்துக்கு வேலை. சிஓபிடி என்று உறுதியான பிறகு, மருந்துக்குப் பின் வந்த எஃப்இவி1 80% அல்லது அதற்கு மேல் என்றால் கோல்ட் 1, 50 முதல் 79 வரை 2, 30 முதல் 49 வரை 3, 30க்குக் கீழே 4. இந்த எண் சிஓபிடிக்கு மட்டும்தான் பொருந்தும். இசட் ஸ்கோர் முறையில் மைனஸ் 2.5 வரை லேசானது, மைனஸ் 4 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமையானது.

எஃப்இவி1 ஒரே அளவாக உள்ள இருவரில் ஒருவர் மாடி ஏறுவார், மற்றவர் குளிக்கவே திணறுவார். அதனால்தான் மூச்சிரைப்பு அளவும், போன வருடத்தில் எத்தனை முறை நோய் முற்றியது என்பதும் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன.

படி 5: மருந்துக்குப் பின் என்ன மாறியது?

வழக்கமாக மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்தான சால்புடமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். பழைய விதிப்படி எஃப்இவி1 அல்லது எஃப்விசி முன்பிருந்ததைவிட 12% கூடியிருக்க வேண்டும், அதோடு அந்தக் கூடுதல் 200 மி.லி.யாவது இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. 2022 விதி வேறு: கூடிய அளவை ஆரம்ப அளவால் வகுக்காமல், கணிக்கப்பட்ட அளவால் வகுத்து, 10%க்கு மேல் வந்தால் பலன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பல ரிப்போர்ட்களில் இன்னும் பழைய விதியே அச்சாகிறது, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் இருந்தால் ஆஸ்துமா, இல்லாவிட்டால் சிஓபிடி என்று பிரிப்பது தவறு. சிஓபிடி உள்ளவர்கள் பலருக்கும் கணிசமான மாற்றம் வரும். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் நாளில் எந்த மாற்றமும் வராமல் போகலாம். அப்புறம், மாற்றம் இல்லை என்று வந்ததால் இன்ஹேலரை யாரும் நிறுத்தக் கூடாது. எண் மாறாவிட்டாலும் உள்ளே அடைபட்ட காற்று குறைந்து மூச்சு இலகுவாகலாம்.

படி 6: உள்ளே எவ்வளவு காற்று?

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து எடுக்கும் பரிசோதனையிலோ, ஹீலியம் கலந்த வாயுவை மூச்சில் எடுக்கவைக்கும் முறையிலோ டிஎல்சியும் ஆர்வியும் கிடைக்கும். டிஎல்சி கீழ் எல்லைக்குக் கீழே இருந்தால்தான் சுருக்கம் உறுதி. ஆர்வி ஏறியிருந்தால் காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. டிஎல்சியும் ஏறியிருந்தால் நுரையீரல் உப்பிப் போயிருக்கிறது. கடும் அடைப்பு உள்ளவர்களிடம் ஹீலியம் முறை நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் காற்று போகாத மூலைகளுக்கு அந்த வாயுவும் போவதில்லை.

இதை வைத்து ஒரு சிக்கலும் அவிழும். விகிதமும் குறைவு, எஃப்விசியும் குறைவு என்றால் 'கலப்பு வகை' என்று அச்சடித்துவிடுவார்கள். பல நேரம் அது கலப்பே அல்ல. காற்று உள்ளே சிக்கியதால்தான் எஃப்விசி குறைந்திருக்கும். டிஎல்சி பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 7: வாயு கடக்கிறதா?

கார்பன் மோனாக்சைடு மிகச் சிறிதளவு கலந்த வாயுவை இழுத்து, 10 விநாடி பிடித்து, ஊதும் பரிசோதனை இது. நார்த்திசு நோயில் சுவர் தடித்தும் பரப்பு சுருங்கியும் போவதால் டிஎல்சிஓ குறையும். எம்ஃபிசீமாவில் காற்றறைச் சுவர்கள் அழிந்து பரப்பு குறைவதால் குறையும். நுரையீரல் ரத்தக்குழாய் நோயிலும் குறையும். ரத்தசோகை இருந்தாலும் குறையும். அதனால் ஹீமோகுளோபின் அளவைக் கொண்டு திருத்திய எண்ணா என்று பார்க்க வேண்டும். ஆஸ்துமாவில் இது நார்மலாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். பல வருடம் புகைத்தவரின் அடைப்பு எந்த வகை என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசம் பெரிய துணை.

ஸ்பைரோமெட்ரி ஏறக்குறைய நார்மல், டிஎல்சிஓ மட்டும் மிகக் குறைவு என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அதை லேசாக விடாதீர்கள். எம்ஃபிசீமாவும் தழும்பும் ஒரே நுரையீரலில் சேர்ந்திருந்தால், ஒன்று கொள்ளளவைப் பெரிதாக்க, மற்றது சிறிதாக்க, எஃப்விசி நடுவில் நார்மலாக நிற்கும். தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மா உள்ளவரிடம் எஃப்விசி அப்படியே இருந்து டிஎல்சிஓ மட்டும் இறங்கினால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று தேட வேண்டும்.

ஒரு ரிப்போர்ட்டை முழுதாகப் படிப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ரிப்போர்ட். 62 வயது ஆண், 168 செ.மீ. உயரம், பல வருடப் புகைப்பழக்கம், நடந்தால் இரைப்பு. தரக் குறியீடு இரண்டுக்கும் ஏ. கணிக்கப்பட்ட எஃப்விசி 3.60 லிட்டர், எஃப்இவி1 2.80.

மருந்துக்கு முன் எஃப்விசி 2.90, அதாவது 81%. எஃப்இவி1 1.40, அதாவது 50%. விகிதம் 0.48. மருந்துக்குப் பின் எஃப்விசி 3.20, எஃப்இவி1 1.52, விகிதம் 0.475. அடைப்பு தெளிவு, மருந்துக்குப் பின்னும் நீடிக்கிறது.

எஃப்இவி1 120 மி.லி. கூடியிருக்கிறது. 2.80ஆல் வகுத்தால் சுமார் 4%. எஃப்விசி 300 மி.லி. கூடியிருக்கிறது. 3.60ஆல் வகுத்தால் சுமார் 8%. 10% தொடவில்லை. பழைய விதிப்படி எஃப்விசி 300ஐ 2.90ஆல் வகுத்தால் 10 சொச்சம்தான், 12 வரவில்லை. இரண்டு விதியிலும் பலன் இல்லை என்றே வரும். ஆனாலும் ஊதித் தள்ள முடிந்த காற்று 300 மி.லி. கூடியிருக்கிறது. அவர் இன்ஹேலர் போட்டால் கொஞ்சம் இலகுவாக இருக்கிறது என்று சொன்னால் அதில் வியப்பில்லை.

டிஎல்சி 113%, ஆர்வி 164%. காற்று சிக்குகிறது. டிஎல்சிஓ 45%. அடைப்பு, சிக்கிய காற்று, குறைந்த டிஎல்சிஓ மூன்றும் சேர்ந்து எம்ஃபிசீமா மேலோங்கிய சிஓபிடி பக்கம் கை காட்டுகின்றன. மருந்துக்குப் பின் எஃப்இவி1 54%, கோல்ட் 2. முதலில் கண்ணில் பட்ட 81% எஃப்விசி இந்தக் கதையில் எதையும் சொல்லவில்லை பாருங்கள்.

படி 8: பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்

நாள்பட்ட நோயில் ஒரு ரிப்போர்ட்டைவிட இரண்டு ரிப்போர்ட் பல மடங்கு பேசும். ஆரோக்கியமான பெரியவருக்கே வருடத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மி.லி. வரை எஃப்இவி1 குறையும். நாளுக்கு நாள் சாதாரண ஏற்ற இறக்கமும் உண்டு. ஒரு வருட இடைவெளியில் 15%க்கு மேல் மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று நம்பிச் சொல்லலாம். சின்னச் சரிவு என்றால் மூன்று, நான்கு ரிப்போர்ட்களின் போக்கைப் பார்ப்பதே சரி.

தழும்பு நோய்களில் எல்லை இன்னும் நெருக்கமானது. ஒரு வருடத்தில் எஃப்விசி சதவீதம் 5 புள்ளியோ, டிஎல்சிஓ 10 புள்ளியோ இறங்கினால் நோய் முன்னேறுகிறது என்பதற்கான சான்றாக இந்த நோய்களுக்கென 2022இல் வந்த தனி வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. அறிகுறியும் ஸ்கேனும் இதோடு சேர்த்துப் பார்க்கப்படும். எஃப்விசி 78இலிருந்து 70க்கும், டிஎல்சிஓ 52இலிருந்து 41க்கும் வந்தவரிடம் '70% இருக்கிறதே, பரவாயில்லை' என்று சொல்லிவிடக் கூடாது. தழும்பைக் கட்டுப்படுத்தும் மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

ஸ்பைரோமெட்ரி கண்டுபிடிக்காதவை

ஆஸ்துமா அமைதியாக இருக்கும் நாளில் எல்லாம் நார்மலாகவே வரும். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் பீக் ஃப்ளோ மீட்டரை இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவந்தால், பெரியவர்களில் அன்றாட ஏற்ற இறக்கம் சராசரியாக 10%க்கு மேல் போகிறதா என்று பார்க்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பவருக்கு உட்கார்ந்தும் படுத்தும் எஃப்விசி எடுக்க வேண்டும். படுத்ததும் 30%க்கு மேல் குறைந்தால் உதரவிதானம் பலவீனமாக இருக்கலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு இருக்கும், ஆனால் டிஎல்சி பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும்.

அடுத்த பரிசோதனைக்கு முன்

எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயைக் கண்டறிய எடுக்கும் பரிசோதனை என்றால் சால்புடமால் போன்ற உடனடி மருந்தை 4 முதல் 6 மணி நேரமும், நாளுக்கு இருமுறை எடுக்கும் நீண்டகால விரிப்பானை ஒரு நாளும், நாளுக்கு ஒருமுறை எடுப்பதை ஒன்றரை முதல் இரண்டு நாளும் நிறுத்துவது வழக்கம். சிகிச்சையின் பலனைப் பார்க்க எடுப்பதென்றால் நிறுத்தவே வேண்டியிருக்காது. நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நிறுத்திய நேரத்தில் மூச்சு முட்டினால் தயங்காமல் மருந்தை எடுத்துக்கொண்டு, அதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். அன்று பரிசோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரமாவது புகைக்கவோ கடுமையாக உடற்பயிற்சி செய்யவோ வேண்டாம். டிஎல்சிஓ எடுப்பதென்றால் அன்று புகையை அறவே விடுங்கள், ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு எண்ணைக் கீழே இறக்கிவிடும்.

சமீபத்தில் மாரடைப்பு, கண், மூளை, மார்பு, வயிறு இவற்றில் அறுவை சிகிச்சை, நுரையீரல் உறையில் காற்றுக் கசிவு, இருமலில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பரிசோதனையைத் தள்ளிவைக்க அது போதுமான காரணம். பழைய ரிப்போர்ட்கள் எல்லாவற்றையும், வரைபடத்தோடு, ஒரே கோப்பில் வைத்து எடுத்துப்போங்கள். எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால், ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அன்று சரியாக ஊதினீர்களா என்பது தெரியாது.